இன்னொரு சந்திரசேகர் எல்லை

சந்திரசேகர் எல்லை என்றதும் அறிவியல் படித்தவர்களுக்கு விண்மீன்தான் நினைவுக்கு வரும். 1930-ல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறிய சுப்ரமணியன் சந்திரசேகர், போகிற வழியிலேயே போட்ட கணக்கு அது. சூரியனின் நிறையைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் போனால் வெண்குள்ள விண்மீன் தன் பாரத்தைத் தானே தாங்காது. 1983-ல் நோபல் பரிசு. பள்ளி ஆண்டு விழாவுக்கு வரும் சிறப்பு விருந்தினர் ராமானுஜன், ராமன் என்று ஆரம்பித்தால் மூன்றாவதாக இவர் பெயர் கட்டாயம் வரும்.

இன்னொரு சந்திரசேகர் எல்லையும் உண்டு. அதை எந்த விருந்தினரும் சொல்லி நான் கேட்டதில்லை. மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருளை மீக்கடத்தி என்கிறோம். அந்த மீக்கடத்தி அதிகபட்சம் எவ்வளவு காந்தப்புலத்தைத் தாங்கும் என்பதற்கான வரம்பு இது. 1962-ல் இதைச் சொன்னவர் பி. எஸ். சந்திரசேகர். விண்மீன்காரர் வேறு, இவர் வேறு. இவரும் இந்தியர். அப்போது அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்து வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். அதே ஆண்டில் பெல் ஆய்வகத்தின் கிளாக்ஸ்டனும் தனியாக இதே முடிவுக்கு வந்ததால் இருவர் பெயரும் சேர்ந்து வழங்குகின்றன. பல கட்டுரைகளில் இருவர் பெயரும் காணாமல் போய், பாலி எல்லை என்றே இருக்கும். இயற்பியலாளர் பாலி ஏற்கெனவே வேண்டிய அளவு புகழ் பெற்றவர். இதையும் அவர் கணக்கில் எழுதுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சங்ககிரியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. நான் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா மோட்டார் காயில் கட்டுகிறவர்.

வெளியூர்க்காரர்களுக்குச் சங்ககிரி என்றால் மலைக்கோட்டை. 1805-ல் தீரன் சின்னமலையை வெள்ளைக்காரன் தூக்கிலிட்ட இடம். அதற்கடுத்து லாரி. ஊருக்குள் இருப்பவனுக்கு இவற்றோடு மூன்றாவதாக ஒன்று தெரியும்: கிணறும் மோட்டாரும். 1934-ல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 1937-ல் அணையடியில் மின் உற்பத்தி ஆரம்பமானது. அந்தக் கம்பி இந்தச் சமவெளிக்கு வந்து, கிணற்றடியில் மாடு கட்டிக் கவலை இறைத்த காலம் மெல்ல மெல்ல முடிந்து, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டத்துக்குத் தோட்டம் மோட்டார் வந்தது. மோட்டார் வந்த இடத்தில் மோட்டார் எரிவதும் வந்தது. சித்திரை வைகாசியில் மின்னழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மோட்டார் மின்னோட்டத்தை அதிகம் இழுக்கும். ஓட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடு நாலு மடங்கு. முதலில் கம்பி மேலிருக்கும் எனாமல் கருகும், பிறகு சுற்றுக்குச் சுற்று ஒட்டிக்கொள்ளும். விடியற்காலையில் வாசலில் மாட்டு வண்டி நிற்கும். "காயில் போயிருச்சுங்க, மஞ்சக்காடு காயுதுங்க" என்று குரல் வரும்.

அப்பா அந்த மோட்டாரைப் பிரித்து, கருகிய காயிலை உளியால் வெட்டியெடுத்து, சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்து, குழிகளில் இன்சுலேஷன் தாள் செருகிப் புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றி வெயிலில் வைப்பார். பழைய காப்பர் எடைக்குப் போகும். எங்கள் குடும்பம் சாப்பிட்டது, நான் படித்தது எல்லாம் செம்புக்கு மின்தடை இருந்ததால்தான். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தடை இல்லாத கம்பி இருந்திருந்தால் அப்பாவுக்குக் கடை இல்லை.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் பாதரசத்தைக் குளிரவைத்தால் தடை அடியோடு மறைந்துவிடும் என்று படித்துவிட்டு வந்து அவரிடம் சொன்னேன். எவ்வளவு குளிர் என்று கேட்டார். பூஜ்ஜியத்துக்குக் கீழே 269 டிகிரி என்றேன். கையிலிருந்த கம்பியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அத்தனை குளிரு பண்றதுக்குக் கம்பிய ஒரு கேஜ் தடியாப் போட்டுட்டுப் போயிரலாமே கண்ணு." கொஞ்ச நேரம் கழித்து, "அது கெடக்குது, அதுல காயில் கட்டுனா காந்தம் நிக்குமா?" என்றார்.

மீக்கடத்தலின் நூற்றாண்டு வரலாற்றில் பெரும்பகுதி இந்தக் கேள்விக்கு விடை தேடியதுதான்.

ஹாலந்தில் லைடன் நகரத்துக் காமர்லிங் ஆன்னஸ் 1908-ல் ஹீலியத்தை முதன்முதலாகத் திரவமாக்கினார். 1911-ல் அந்தக் குளிரில் பாதரசத்தின் தடை 4.2 கெல்வினில் மறைவதைக் கண்டார். உடனே அவருக்கும் காயில் கட்டும் ஆசைதான் வந்தது. தடையில்லாத கம்பியைச் சுற்றி 1,00,000 காஸ், அதாவது 10 டெஸ்லா காந்தம் செய்யலாம் என்று 1913-ல் பேசினார். செய்து பார்த்தபோது ஈயக் கம்பி சில நூறு காஸிலேயே மீக்கடத்தலை இழந்தது. கம்பியில் ஓடும் மின்சாரம் உண்டாக்கும் காந்தமே அந்தக் கம்பியைக் கெடுத்தது. 1933-ல், இங்கே மேட்டூரில் அணை எழும்பிக்கொண்டிருந்தபோது, ஜெர்மனியில் மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும் காரணத்தை நெருங்கினார்கள். மீக்கடத்தி காந்தப்புலத்தைத் தன் உடம்புக்குள் விடாமல் வெளியே தள்ளுகிறது. தள்ளுவதற்கு ஆற்றல் செலவாகும். புலம் கூடக்கூடச் செலவு கூடும். ஒரு கட்டத்தில் கட்டுப்படியாகாமல் மீக்கடத்தலைக் கைவிட்டுவிடும்.

சில உலோகக் கலவைகள் இதற்கு மாற்றுவழி வைத்திருந்தன. காந்தத்தை முழுக்கத் தடுக்காமல் மெல்லிய இழைகளாக உள்ளே விட்டுவிட்டு, மிச்ச இடத்தில் மீக்கடத்தலைக் காப்பாற்றிக்கொண்டன. கார்கிவ் நகரத்தில் லெவ் ஷுப்னிகோவ் இதை 1930-களின் நடுவில் அளந்தார். 1937-ல் ஸ்டாலின் ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்றது. அவர் அளந்ததற்கு விளக்கம் 1957-ல் அப்ரிகோசோவ் எழுதினார். 1961-ல் பெல் ஆய்வகத்தில் குன்ஸ்லரும் கூட்டாளிகளும் நையோபியம்-வெள்ளீயக் கம்பி 8.8 டெஸ்லாவிலும் மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்துவதைக் காட்டினார்கள். காயில் கட்டினால் காந்தம் நிற்கும் என்று ஆனது. இன்று சேலத்திலும் ஈரோட்டிலும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகிறவர் படுக்கும் குழாயைச் சுற்றியிருப்பது நையோபியம்-டைட்டேனியக் கம்பியில் கட்டிய காயில். திரவ ஹீலியத்தில் முங்கி, பெரும்பாலும் 1.5 டெஸ்லாவில் நிற்கிறது.

குன்ஸ்லர் காட்டியதற்கு அடுத்த ஆண்டே வந்தது சந்திரசேகரின் குறிப்பு. ஒன்றிரண்டு பக்கம்தான். அவர் கேட்டது: காந்த இழைகளை உள்ளே விடும் தந்திரத்தில் எவ்வளவு கெட்டிக்காரப் பொருளாக இருந்தாலும், அதையும் தாண்டி ஒரு மேல்வரம்பு உண்டா?

உண்டு. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957-ல் கொடுத்த கோட்பாட்டின்படி, மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்கின்றன. ஒவ்வொரு எலெக்ட்ரானும் ஒரு சிறு காந்த ஊசி. ஜோடியில் ஒன்று மேல்நோக்கினால் மற்றது கீழ்நோக்கும். வெளியிலிருந்து வரும் காந்தப்புலத்துக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது. இரண்டு ஊசியையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். இங்கே நடப்பது எங்கள் ஊர் லாரிக்காரர் போடும் கணக்குதான். ஜோடி சேர்ந்திருப்பதில் இவ்வளவு ஆற்றல் மிச்சம், பிரிந்து புலத்தோடு திரும்பி நின்றால் இவ்வளவு மிச்சம். இரண்டாவது வாடகை முதலாவதை மிஞ்சும் நொடியில் வண்டி அந்தப் பக்கம் திரும்பிவிடும். கணக்கின் விடை எளிமையானது: மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி 1.84-ஆல் பெருக்கினால் அந்தப் பொருள் தாங்கும் அதிகபட்சக் காந்தப்புலம் டெஸ்லாவில் வரும். 10 கெல்வின் பொருளுக்கு 18.4 டெஸ்லா. ஒன்பதாம் வகுப்புப் பெருக்கல்.

இந்த எல்லையின் மதிப்பு, அது எங்கே பொய்க்கிறது என்பதில்தான் முழுக்கத் தெரியும். எதிரெதிர் ஊசிகள் ஜோடி சேர்ந்திருந்தால் மட்டுமே இந்தக் கணக்கு செல்லும். ஒரு பொருள் இந்த எல்லையைத் தாண்டிவிட்டால், அதன் ஜோடிகள் வேறு மாதிரி சேர்ந்திருக்கின்றனவோ என்று சந்தேகிக்கலாம். ஒரே பக்கம் நோக்கும் இரண்டு ஊசிகள் சேர்ந்திருந்தால் காந்தப்புலம் அவற்றைப் பிரிக்க வேண்டிய அவசியமே இல்லை. அணுக்கரு கனமாக இருந்து எலெக்ட்ரானின் ஊசித் திசை அதன் ஓட்டத் திசையோடு பிணைந்திருந்தாலும் எல்லை தளரும் என்பதால், தாண்டியதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. ஆனாலும் ஆய்வாளர் நின்று திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தை அது காட்டிவிடும். இப்போது டோபாலஜிப் பொருள்கள் என்று பேசப்படுகிறவற்றில் வழக்கத்துக்கு மாறான மீக்கடத்தலைத் தேடுகிறவர்கள் முதலில் போட்டுப் பார்க்கும் கணக்குகளில் ஒன்று இந்த 1.84.

டோபாலஜிப் பொருள் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். உடம்பு முழுக்க மின்சாரத்தைத் தடுத்துவிட்டு, மேற்பரப்பில் அல்லது விளிம்பில் மட்டும் கடத்துகிற பொருள். அந்த விளிம்புப் பாதையை அழுக்கோ சிறு பழுதோ அடைத்துவிட முடியாதபடி உள்ளே இருக்கும் எலெக்ட்ரான் அமைப்பே காவல் காக்கிறது. இதற்கு மேல் விளக்கப் போனால் கரும்பலகை வேண்டும்.

இந்த வரலாற்றில் நம்மவர்கள் எங்கே என்று கேட்டால், முதலில் குளிரைப் பற்றிப் பேச வேண்டும். குளிர் இல்லாமல் இந்தத் தொழில் இல்லை. சுதந்திர இந்தியாவில் திரவ ஹீலியம் முதலில் வந்த இடம் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம், 1950-களின் தொடக்கத்தில். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு சேர்ந்து ஒளிச்சிதறல் கண்டதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன்பிறகு அவர் படிகங்களின் காந்தப் பண்புகளை அளப்பதில் பல ஆண்டு உழைத்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. எந்தத் திசையில் வைத்தால் படிகம் காந்தத்துக்கு எப்படித் திரும்புகிறது என்று அளப்பது அவர் கைவேலை. கேம்பிரிட்ஜிலிருந்து டேவிட் ஷோன்பெர்க்கை அழைத்து வந்து தாழ்வெப்பநிலைப் பிரிவை நிமிர்த்தினார். சென்னையில் ஐ.ஐ.டி.யில் ஆர். சீனிவாசன் தாழ்வெப்பநிலை ஆய்வகத்தை வளர்த்தார். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தார் நையோபியத்தில் ஸ்குவிட் என்னும் நுண்காந்த உணரியைத் தாங்களே செய்து, மனித மூளையிலிருந்து வரும் காந்தத்தை அளக்கும் அளவுக்குக் கொண்டுபோனார்கள்.

ஹீலியத்தை நாம் பெரும்பாலும் இறக்குமதிதான் செய்கிறோம். எங்கள் பக்கம் பவானியையும் குமாரபாளையத்தையும் தொட்டுப் போகும் காவிரி கடைசியில் சென்று சேரும் டெல்டாவில், குத்தாலத்தில் எடுக்கும் இயற்கை எரிவாயுவிலும் கொஞ்சம் ஹீலியம் இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க அணுசக்தித் துறை அங்கே ஒரு சோதனை ஆலை வைத்தது. அது பெரிதாக வளர்ந்திருந்தால் நம் ஆய்வகங்களின் கதையே வேறாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கோட்பாட்டுப் பக்கம் ஒரு பெயரை நிறுத்திச் சொல்ல வேண்டும். சந்திரசேகரின் குறிப்பு வந்த அதே 1962-ல் அல்லாடி ராமகிருஷ்ணன் சென்னையில் கணித அறிவியல் நிறுவனத்தைத் தொடங்கினார். தரமணியில் இருக்கிற அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஜி. பாஸ்கரன். 1986-ல் சூரிச்சில் பெட்நார்ஸும் முல்லரும் செம்பு ஆக்ஸைடுகளில் புதுவகை மீக்கடத்தலைக் கண்டு உலகமே பரபரத்தபோது, பிரின்ஸ்டனில் பிலிப் ஆண்டர்சனோடும் சோவோடும் சேர்ந்து 1987-ல் அதற்கு ஒரு கோட்பாடு எழுதியவர். அந்தக் கோட்பாட்டின் மீது இன்னும் சண்டை ஓயவில்லை. ஓயாத சண்டைக்கு வித்திடுவதும் அறிவியலில் ஒரு மரியாதைதான்.

எனக்கு அதைவிட ருசியாகப் படுவது ஸ்ட்ரான்ஷியம் ரூத்தனேட் கதை. 1994-ல் ஜப்பானில் மயேனோ குழு அதில் மீக்கடத்தலைக் கண்டது. தொடங்கும் வெப்பநிலை சுமார் 1.5 கெல்வின். 1995-ல் ரைஸும் சிக்ரிஸ்டும், அவர்களைச் சாராமல் 1996-ல் வெளியிட்ட கட்டுரையில் பாஸ்கரனும், இதில் ஜோடிகள் ஒரே பக்கம் நோக்கும் வகையாக இருக்கலாம் என்றார்கள். 1998-ல் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு அளவீடு ஆமாம் என்றது. இருபது ஆண்டு பாடநூல்களில் அப்படியே இருந்தது. டோபாலஜி மீக்கடத்திக்கு உதாரணம் கேட்டால் இதைத்தான் நீட்டினார்கள். 2019-ல் அதே அளவீட்டை இன்னும் கவனமாக, மாதிரியைச் சூடேற்றாமல் செய்து பார்த்தபோது விடை மாறிவிட்டது. பழைய அளவீட்டில் துடிப்புகள் மாதிரியைச் சூடாக்கியிருந்தன. ஒரே பக்கம் நோக்கும் ஜோடி என்ற வாதம் அடியோடு ஆட்டம் கண்டது.

இங்கே சந்திரசேகரின் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். 1.5 தர 1.84, ஏறத்தாழ 2.8 டெஸ்லா. ஒரே பக்கம் நோக்கும் ஜோடியாக இருந்தால் புலத்தை அதன் அணுப் படலங்களின் போக்கிலேயே வைக்கும்போது இதை எளிதாகத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் அந்தப் பொருள் சுமார் 1.5 டெஸ்லாவிலேயே முடங்கிவிடுகிறது. எதிர்பார்த்ததைவிடக் குறைவாக ஏன் முடங்குகிறது என்பது அந்த இருபது ஆண்டும் ஒரு புதிராக ஓரத்தில் கிடந்தது. காந்தப்புலம் தன் சாட்சியை முன்னமே சொல்லிவிட்டது. கோட்பாட்டின் அழகில் மயங்கியவர்கள் அதை ஓரமாக உட்கார வைத்தார்கள்.

பாஸ்கரன் 2002-ல் கிராஃபைட்டின் ஒற்றைப் படலத்துக்குள்ளும் இப்படியொரு மீக்கடத்தல் ஒளிந்திருக்கலாம் என்று எழுதினார். கிராஃபைட்டின் காந்தத்தைக் கிருஷ்ணன் அளந்திருந்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2018-ல் கிராஃபீன் எனப்படும் அந்த ஒற்றைப் படலங்கள் இரண்டைச் சற்றே திருகி அடுக்கி எம்.ஐ.டி.யில் மீக்கடத்தலைக் கண்டார்கள். 2021-ல் மூன்று படலம் அடுக்கியபோது, படலத்தின் போக்கில் வைத்த காந்தப்புலத்தில் அது சந்திரசேகர் எல்லையைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரை தாங்கியது. 2002-ல் சொன்னதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் தேடச் சொன்ன இடம் தவறில்லை.

இனி பிஸ்மத். இந்தக் கதையில் என் மனத்துக்கு மிக நெருக்கமான உலோகம்.

பிஸ்மத்தைக் காந்தம் ஈர்க்காது, விலக்கும். 1778-லேயே புருக்மன்ஸ் இதைக் கவனித்துவிட்டார். தனிமங்களில் இவ்வளவு தெளிவாகக் காந்தத்தை விலக்குவது இன்னொன்றைக் காட்டுவது கடினம். 1930-ல் லைடனில் ஷுப்னிகோவும் டி ஹாஸும் பிஸ்மத் படிகத்தின் தடை காந்தப்புலத்தோடு ஏறி இறங்கி அலைபாய்வதைக் கண்டார்கள். அந்தப் படிகத்தை வளர்த்த ஷுப்னிகோவ்தான் பின்னாளில் சுட்டுக் கொல்லப்பட்டவர். அதே ஆண்டில் டி ஹாஸும் வான் ஆல்ஃபனும் காந்தமாதலிலும் அதே அலையைப் பார்த்தார்கள். உலோகங்களுக்குள் எலெக்ட்ரான் எப்படிச் சுற்றுகிறது என்று நாம் அறிந்ததில் பெரும்பங்கு பிஸ்மத் சொல்லிக்கொடுத்தது. 2008-ல் முதல் முப்பரிமாண டோபாலஜிக் கடத்தாப்பொருள் என்று உறுதிசெய்யப்பட்டதும் பிஸ்மத்தோடு ஆன்டிமனி கலந்த கலவைதான். அடுத்த ஆண்டு வந்த பிஸ்மத் செலினைடின் படிகங்களைக் கல்பாக்கத்திலும் வளர்த்துக் காந்தப்புலத்தில் வைத்து அளந்திருக்கிறார்கள். அதில் செம்பு செருகினால் 3.8 கெல்வினில் மீக்கடத்தியாகிறது. காந்தப்புலத்தை அந்தப் படிகத்தைச் சுற்றித் திருப்பினால், தாங்கும் அளவு படிகத்தின் அமைப்பு சொல்லும் ஆறு திசைக்கு ஒத்துப்போகாமல் இரண்டு திசைக்கு மட்டும் ஏறி இறங்குகிறது.

இவ்வளவு இருந்தும், தனிப் பிஸ்மத் சாதாரண அழுத்தத்தில் மீக்கடத்தியாகுமா என்ற கேள்விக்கு நெடுங்காலம் விடையில்லை. அதில் ஓடக்கூடிய எலெக்ட்ரான்கள் மிகக் குறைவு. சுமார் லட்சம் அணுவுக்கு ஒன்று. ஜோடி சேர ஆளே இல்லாத ஊர். வழக்கமான கோட்பாட்டின்படி வாய்ப்பில்லை என்றே கருதினார்கள்.

மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஓம் பிரகாஷ், அனில் குமார், ஏ. தமிழவேல், எஸ். ராமகிருஷ்ணன் நால்வரும் இதைக் குளிரவைத்துப் பார்த்தார்கள். திரவ ஹீலியம் போதாது. தாமிரத்தின் அணுக்கருக்களை வலுவான காந்தப்புலத்தில் ஒழுங்காக நிறுத்தி, வெளிவெப்பம் வராமல் துண்டித்து, புலத்தை மெதுவாகக் குறைக்கும் முறையில் இன்னும் கீழே போனார்கள். மிகத் தூய பிஸ்மத் படிகம் 0.53 மில்லிகெல்வினில் மீக்கடத்தியானது. கெல்வினில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கட்டுரை 2017 ஜனவரியில் சயின்ஸ் இதழில் அச்சானது.

அதன் காந்தக் கணக்குதான் என்னை உட்கார வைத்தது. பிஸ்மத்தின் மீக்கடத்தல் 5.2 மைக்ரோடெஸ்லாவில் அழிந்துவிடும். நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலமே சுமார் 40 மைக்ரோடெஸ்லா. காந்த நடுக்கோடு தென்தமிழ்நாட்டு வழியாகப் போவதால் சங்ககிரியில் சரிவு ஊசி கிட்டத்தட்டக் கிடையாகவே நிற்கும். அந்த ஊசியைத் திருப்புகிற இந்தச் சோனிப் புலத்தில் எட்டில் ஒரு பங்கே பிஸ்மத்தை முடித்துவிடும். பூமியின் காந்தம் படாதபடி உறைபோட்டு மறைக்காமல் இதைப் பார்த்திருக்கவே முடியாது. வலுவான காந்தத்தை வைத்துக் குளிரை உண்டாக்கி, அந்தக் குளிரில் பூமியின் காந்தத்தைக்கூட உள்ளே விடாமல் அளந்திருக்கிறார்கள். சந்திரசேகர் கணக்கில் பார்த்தால் 0.53 மில்லிகெல்வினுக்கு ஏறத்தாழ 1,000 மைக்ரோடெஸ்லா வரை இடமிருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கைக்கூட அது எட்டவில்லை. ஜோடிகள் பிரியும் முன்பே, காந்தத்தை வெளியே தள்ளும் செலவு அதைச் சாய்த்துவிடுகிறது.

இதே பிஸ்மத்தை மெல்லிய இழையாக்கி, இரண்டு முனையிலும் வேறு மீக்கடத்தியை இணைத்துப் பிரான்சில் ஓர்சே ஆய்வாளர்கள் அளந்தார்கள். இழை வழியாகத் தடையற்ற மின்சாரம் பல டெஸ்லா புலத்திலும் ஓடியது. மைக்ரோடெஸ்லாவில் சாகும் உலோகம் டெஸ்லாவில் நிற்கிறது. மின்சாரம் உடம்பு வழியாகப் போகாமல் சில விளிம்புகள் வழியாக மட்டும் போவதே காரணம் என்று அவர்கள் காட்டினார்கள். 2018-ல் வந்த கணக்கு, பிஸ்மத் படிகத்தின் முகங்கள் சேரும் முனைக்கோடுகளில் மட்டும் கடத்தும் புதுவகை டோபாலஜிப் பொருள் என்று வாதிட்டது. ஒரே தனிமத்துக்குள் இரண்டு எதிர்முனைகள் இருப்பதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் நான் படித்ததில்லை.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2005-ல் யுரேனியம்-ரோடியம்-ஜெர்மானியம் சேர்ந்த ஒரு பொருளில் மீக்கடத்தல் காந்தப்புலத்தில் அழிந்து, 8 டெஸ்லாவுக்கு மேல் திரும்ப வந்தது. 2019-ல் மேரிலாந்துக் குழு யுரேனியம் டெல்லுரைடில் அதைவிடப் பெரிதாகப் பார்த்தது. தொடங்கும் வெப்பநிலை 1.6 கெல்வின், சந்திரசேகர் எல்லை 3 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. அந்தப் பொருள் குறிப்பிட்ட கோணத்தில் 40 டெஸ்லாவுக்கு மேல் மறுபடி மீக்கடத்தியாகி 65 டெஸ்லா வரை நின்றது. அதற்கு மேல் அவர்களிடம் காந்தம் இல்லை. ஆன்னஸைத் தோற்கடித்த புலம் இங்கே மீக்கடத்தலை எழுப்பிவிடுகிறது.

மயோரானா துகள் பற்றி மட்டும் எச்சரிக்கையாகச் சொல்வேன். டோபாலஜி மீக்கடத்தியின் முனைகளில் அது இருக்கும், அதை வைத்துக் குவாண்டம் கணினி கட்டலாம் என்பது 2001-ல் கிடாயெவ் தொடங்கிவைத்த எண்ணம். 2010-ல் இரண்டு குழுக்கள் குறைகடத்தி இழை, மீக்கடத்தி, காந்தப்புலம் மூன்றையும் சேர்த்தால் போதும் என்று வழி சொன்னன. 2012-ல் டெல்ஃப்ட் நகரத்தில் அடையாளம் தெரிந்தது. 2018-ல் நேச்சர் இதழில் அதை உறுதிசெய்வதாக வந்த கட்டுரையை 2021-ல் அவர்களே திரும்பப் பெற்றார்கள். தரவைத் தேவைக்கு மேல் வெட்டியிருந்தது வெளியானதுதான் காரணம். பெரிய நிறுவனங்களின் பணம் ஒரு துறைக்குள் வரும்போது அறிக்கை முன்னால் ஓடுகிறது, அளவீடு பின்னால் நடக்கிறது. நான் அளவீட்டின் பக்கம். மும்பையில் நால்வர் 0.53 மில்லிகெல்வின் வரை இறங்கிச் சொன்ன ஒரு எண்ணை, நூறு அறிவிப்புகளைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

சங்ககிரியில் இன்றும் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றுக்குள் தண்ணீரில் முங்கி ஓடும் மோட்டாருக்குப் பி.வி.சி. உறை போட்ட கம்பி வந்துவிட்டது. கம்பி இன்னமும் செம்புதான். தடையில்லாத கம்பி வயல்வரைக்கும் வரும் என்று நான் பிள்ளைகளுக்கு ஆசை காட்டியதில்லை.

இயற்பியல் நடத்தும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மீக்கடத்தி வரும்போது பாதரசம், 4.2 கெல்வின் என்று சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போகாதீர்கள். கரும்பலகையில் 1.84 என்று எழுதுங்கள். பக்கத்தில் பி. எஸ். சந்திரசேகர், 1962 என்று எழுதுங்கள். ஸ்ட்ரான்ஷியம் ரூத்தனேட், பிஸ்மத், யுரேனியம் டெல்லுரைடு மூன்றின் வெப்பநிலையையும் கொடுத்துப் பிள்ளைகளையே பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.